டிரெய்லருக்கு டயர் வாங்குகிறவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். டிராக்டர் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படித்துவிடுங்கள். கார் மட்டும் வைத்திருப்பவர்கள் படித்தாலும் நஷ்டமில்லை.

போன வாரம் என் வீட்டம்மாவின் தம்பி போன் செய்தார். "ஏனுங் மாமா, டிரெய்லருக்கு நாலு டயரும் மாத்தியாச்சுங். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்" என்றார். போனேன். களத்து ஓரம் வேப்பமரத்தடியில் டிரெய்லர் நின்றது. நாலு டயரும் கருகருவென்று மின்னின. கடைக்காரர் பாலிஷ் போட்டே கொடுத்திருக்கிறார். பட்டன் நல்ல ஆழம். "மினி லாரியில ஆறு மாசம் ஓடுன டயராமுங். புதுசு வெலையில மூணுல ஒரு பங்குதானுங்" என்றார் மாப்பிள்ளை. முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தேன். வெளிப்பக்கம் நான் தேடியது இல்லை. உள்பக்கம் தலையை விட்டு செல்போன் வெளிச்சத்தில் பார்த்தபோது ஒரு டயரில் 1416 என்று இருந்தது. இன்னொன்றில் 4015. மற்ற இரண்டில் அந்த எண் இருக்கவேண்டிய இடம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி வழவழவென்று இருந்தது. டீயைக் குடித்துவிட்டு, "நல்லா இருக்குது மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமும் வரவில்லை. காலையில் முதல் வேலையாகப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். இதைப் பற்றி எழுதவும் அவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டேன். "எம்பேரை மட்டும் போட்டுடாதீங் மாமா" என்றார். போடவில்லை.

ஒரு டயருக்காக வாத்தியார் ஏன் தூக்கம் கெட்டார் என்று நினைப்பீர்கள். காரணம் சொல்கிறேன். இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது.

2013ஆம் வருடம். என் பெரியப்பா மகன் தன் டிரெய்லருக்கு இரண்டு பழைய டயர் வாங்கிவந்து, "தம்பி, நீ படிச்சவன், பாத்துச் சொல்லு" என்று என்னைக் கூப்பிட்டார். நானும் பெரிய நிபுணன் மாதிரி பட்டன் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்து, "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்லைங்ணா" என்று சொன்னேன். படித்தவன் சொல்லிவிட்டான் அல்லவா, மாட்டிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, தேங்காய் பாரம் ஏற்றிக்கொண்டு முத்தூர் ரோட்டில் வரும்போது வலதுபக்கப் பின் டயர் வெடித்தது. தேங்காய்க்கு மேலே, ஏற்றின பொம்பளையாட்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டிரெய்லர் ஓரத்துப் பள்ளத்தில் சாய்ந்தது. ஒருவர் குதித்துவிட்டார். இன்னொருவர் தேங்காயோடு தேங்காயாக விழுந்தார். தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். அண்ணன்தான் ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தார். அந்த அம்மா இன்றைக்கும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் சந்தைப் பக்கம் போனால் எதிரே வருவார். "நல்லா இருக்கீங்ளாங் வாத்தியாரய்யா" என்று அவர்தான் முதலில் கேட்பார். அந்த டயரை நல்ல டயர் என்று சொன்னவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது.

வெடித்த டயர் அண்ணன் தோட்டத்துத் தொண்டுப்பட்டி ஓரம் கிடந்தது. மாசியில் வீரக்குமாரசாமி கோயில் தேருக்கு ஊருக்கு வந்த என் பழைய மாணவன் ஒருவன் அதைப் புரட்டிப் பார்த்தான். கோயம்புத்தூரில் டயர் ரீட்ரெடிங் பட்டறையில் வேலை பார்த்தவன். "சார், பட்டனெல்லாம் சரிதான். இதைப் படிச்சீங்களா?" என்று பக்கச் சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்தைக் காட்டினான். அதில் 3702 என்று இருந்தது. எத்தனையோ பிள்ளைகளுக்கு எண்ணும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தவனுக்கு அந்த நாலு எண்களைப் படிக்கத் தெரியவில்லை.

முதல் இரண்டு எண்கள் வாரம், கடைசி இரண்டு எண்கள் வருடம். 2002ஆம் வருடம் 37வது வாரம், அதாவது செப்டம்பரில் அந்த டயர் அச்சிலிருந்து வெளியே வந்திருக்கிறது. அந்த வருடம் என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்த பிள்ளைகள் 2013ல் கல்லூரியே முடித்துவிட்டார்கள்.

இதற்குப் பிறகுதான் டயரைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். நான் புரிந்துகொண்டதில் முக்கியமானது இதுதான். லாரி டயர் தேய்ந்து சாகும். டிரெய்லர் டயர் வயதாகிச் சாகும். லாரி நாள் முழுக்க ஓடுகிறது, சில வருடத்தில் பட்டன் தீர்ந்துவிடும், அதனால் லாரிக்காரர் பட்டனைப் பார்ப்பது நியாயம். நம் டிரெய்லர் வருடத்தில் எத்தனை நாள் ஓடுகிறது? எரு அடிக்க நாலு நாள், தேங்காய்க்கு மாதம் ஒரு நடை, வீடு கட்டினால் மணலுக்குக் கொஞ்சம். மீதி நாளெல்லாம் வெயிலில் நிற்கிறது. பத்து வருடம் ஆனாலும் பட்டன் அப்படியே இருக்கும். அதைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம்.

நிற்கிற டயருக்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் சேர்ந்து ரப்பரை இறுக்கி, உள்ளே நூலும் ரப்பரும் பிடித்துக்கொண்டிருக்கும் ஒட்டுதலைக் கெடுக்கின்றன. இதைத் தடுக்க டயர் செய்யும்போதே ரப்பரில் மெழுகு கலக்கிறார்கள். சக்கரம் ஓடும்போது டயர் நசுங்கி நசுங்கி விரிவதால் அந்த மெழுகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து ஒரு போர்வை மாதிரிக் காக்கும். ஓடாமல் நின்றால் போர்வை புதுப்பிக்கப்படாது. பக்கச் சுவரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு வருகிறதே, அது இந்தக் கோளாறுதான். பாலிஷ் போட்டால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். டயரை விரலால் அழுத்தி விரித்துப் பாருங்கள், தெரியும்.

எங்கள் ஐயன் காலத்து ஆட்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. மரச்சக்கர வண்டி இரண்டு மாதம் வெயிலில் சும்மா நின்றால் மரம் காய்ந்து சுருங்கி, இரும்புப் பட்டா தளர்ந்துவிடும். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் கிளம்புவதற்கு முன்னால் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீரில் ஊறப்போடுவார் ஐயன். ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டியைத்தான் அவர் சந்தேகமாகப் பார்ப்பார். மரத்தை ஊறவைத்தால் உப்பிப் பிடித்துக்கொள்ளும். ரப்பருக்கு அந்த வைத்தியம் கிடையாது.

மாப்பிள்ளை டயர் மாற்றிய அதே வாரம் இங்கிலாந்திலிருந்து என் மாணவன் ஒருவன் எழுதியிருந்தான். கைத்தறிக்காரர் வீட்டுப் பையன். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகும் கேரவன் ஒன்று பழையதாக வாங்கியிருக்கிறானாம். உள்ளே கட்டில், அடுப்பு, குளிக்கும் அறை எல்லாம் உண்டு. லீவுக்குக் குடும்பத்தோடு போய் அங்கங்கே நிறுத்தித் தங்கிக்கொள்கிறார்கள். "சார், டயர் புதுசு மாதிரி இருக்கு, ஆனா மாத்தச் சொல்றாங்க, ஏமாத்துறாங்களா?" என்பது அவன் கேள்வி. ஏமாற்றவில்லை கண்ணு. கேரவனும் வருடம் முழுக்க நின்று சில நாள் மட்டும் ஓடும் வண்டி, நம் டிரெய்லர் மாதிரியே. அங்கே கேரவன்காரர்களின் சங்கங்கள் பட்டன் இருந்தாலும் ஐந்து வருடத்தில் மாற்று, ஏழைத் தாண்டவே தாண்டாதே என்றுதான் சொல்லிக்கொடுக்கின்றன.

அந்த நாட்டில் நடந்த ஒரு விஷயத்தைப் படித்ததிலிருந்து அது என் மனதை விட்டுப் போகவில்லை. 2012 செப்டம்பரில், ஒரு பாட்டுத் திருவிழா முடிந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு லிவர்பூலுக்குத் திரும்பிய பஸ் ஒன்று, சரே மாவட்டம் ஹைண்ட்ஹெட் அருகே முன் டயர் வெடித்து மரத்தில் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். அதில் மைக்கேல் மொலாய் என்ற பையனுக்கு வயது 18. வெடித்த டயருக்கு வயது 19க்கு மேல். பையனைவிட டயர் மூத்தது. அவன் அம்மா பிரான்சிஸ் மொலாய் வருடக்கணக்காக அரசாங்கத்திடம் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் அங்கே லாரி, பஸ் இவற்றின் முன் அச்சில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயர் போடக்கூடாது என்று சட்டம் வந்தது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் எட்டு வருடத்துக்கு மேல் அலைந்து கிடைத்த விதி அது.

நம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94ஆம் விதி பட்டன் ஆழத்துக்கு அளவு சொல்கிறது. இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டர், மற்ற வண்டிகளுக்கு 1.6 மில்லிமீட்டர். அதுவும் வேண்டியதுதான், மழையில் வழுக்காமல் பிடிக்கப் பட்டன் வேண்டும். ஆனால் என் அண்ணன் டிரெய்லர் டயர் அந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கும்.

அடுத்தது சுமை. மாப்பிள்ளையின் டிரெய்லர் 9.00-16 டயருக்குச் செய்தது. கடைக்காரர் கொடுத்திருப்பது 8.25-16. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் உள்ளே இருக்கும் டிஸ்க்கின் விட்டம், இரண்டும் அங்குலக் கணக்கு. இரண்டுக்கும் 16தான் என்பதால் டிஸ்க்கில் அழகாக உட்கார்ந்துகொண்டது. "கச்சிதமாப் பொருந்திருச்சுங் மாமா" என்றார். பொருந்தினால் மட்டும் போதுமா? மினி லாரிக்குச் செய்த சின்ன டயர் அது.

எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்று போடுவோம். ஒரு யூனிட் மணல் என்பது 100 கன அடி. ஏறக்குறைய நாலரை டன் வரும், நனைந்த மணலாக இருந்தால் இன்னும் கூடும். டிரெய்லரின் சொந்த எடை ஒன்றரை டன் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 6 டன். நாலு சக்கரத்துக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 1,500 கிலோ. இது சமதளத்தில், பாரம் சமமாகப் பரவியிருந்தால் வரும் விடை. நம் தோட்டத்துத் தடத்தில் எங்கே சமதளம்? ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் அந்தப் பக்கத்துச் சுமை எகிறிவிடும். அதனால் விடை 1,500 வந்தால் 1,500 தாங்கும் டயர் போதாது, அதற்கு மேல் தாங்குவது வேண்டும்.

டயர் எவ்வளவு தாங்கும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கிறது. அளவுக்குப் பக்கத்தில் 120, 125 என்று ஒரு எண்ணும், ஒட்டினாற்போல் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அந்த எண்ணைக் கிலோ என்று நினைக்காதீர்கள், அது ஒரு குறியீடு. 120 என்றால் 1,400 கிலோ, 122 என்றால் 1,500, 125 என்றால் 1,650. எழுத்து வேகத்துக்கு. ஏ8 என்று இருந்தால் மணிக்கு 40 கிலோமீட்டர். திருச்சி கோவை மெயின் ரோட்டில் இப்போது சில பிள்ளைகள் பாரத்தோடு டிராக்டரை விரட்டுகிற வேகத்தைப் பார்த்தால் அந்த ஏ8 பாவம் என்று தோன்றும். 16 பி.ஆர். என்பது போல இன்னொரு எண் இருக்கும். அது டயரின் உள்பலம். அளவு ஒன்றாக இருந்தாலும் பி.ஆர். குறைந்தால் தாங்கும் சுமையும் குறையும். பழையதைக் கழற்றும்போது இந்த எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "டிரெய்லருக்கு ஒரு டயர் குடுங்" என்று கேட்டால் அவரிடம் எது தங்கிக் கிடக்கிறதோ அதுதான் வரும்.

வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொல்லியிருப்பதை உங்களில் பாதிப்பேர் என்னிடம் மனப்பாடம் ஒப்பித்தவர்கள்தான். அவர் சொன்னது அச்சு. அவர் காலத்தில் டயர் இருந்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார்.

இப்போது காற்று விஷயம். இதில் நம் ஊரில் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது, எனக்குப் பேயைவிட அதன்மேல்தான் கோபம். சித்திரை வெயில் வந்தால் "வெயிலுக்கு வெடிச்சுரும்" என்று டயரில் காற்றைக் குறைத்துவிடுகிறார்கள். நடக்க வேண்டியதற்கு நேர்மாறு இது. காற்று குறைந்தால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி விரியும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைகிற இடம் சுடுமே, அதே மாதிரி டயரின் பக்கச் சுவர் சுடும். அந்தச் சூட்டில் ரப்பரும் நூலும் பிரியும். பிரிந்த பிறகுதான் வெடிக்கும். வெயில் இதற்குத் துணை செய்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டி வந்தது. ஓடும்போதே பட்டன் பகுதி உரிந்து கார்கள் உருண்டன. டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா போன்ற வெயில் மாநிலங்களிலிருந்துதான் புகார்கள் அதிகம். அந்தக் கார்களுக்கு டயரில் காற்றைக் குறைவாக வைக்கச் சொல்லியிருந்ததும் பெரிய விவாதமானது.

ஆகவே டயரில் எழுதியிருக்கும் சுமைக்கும் காற்றுக்கும் ஏற்றபடி, காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால், சூடேறாத டயரில், மீட்டர் வைத்து அடியுங்கள். காலால் ஒரு உதை உதைத்து "கிண்ணுனு இருக்குது" என்று சொல்வது காற்றுப் பார்ப்பது ஆகாது. உள்ளே எவ்வளவு என்று என் காலுக்கும் தெரியாது, உங்கள் காலுக்கும் தெரியாது.

ரீட்ரெடிங் போட்ட டயர் வாங்கலாமா என்று இரண்டு மூன்று பேர் முன்பே கேட்டிருக்கிறார்கள். பலரும் நினைப்பதுபோல அது மட்டமான சரக்கு அல்ல. ஆகாய விமானத்தின் டயரையே பலமுறை ரீட்ரெட் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். சென்னைத் திருவொற்றியூரில் 1946ல் பலூன் செய்ய ஆரம்பித்த மாம்மன் மாப்பிள்ளை, 1952ல் ரீட்ரெடிங் ரப்பரில் இறங்கி, அதற்கு அப்புறம்தான் டயருக்கு வந்தார். அதுதான் எம்.ஆர்.எஃப். கேள்வி மேலே ஒட்டுகிற ரப்பரைப் பற்றியதல்ல, உள்ளே இருக்கும் பழைய உடம்பைப் பற்றியது. நாலு வருட உடம்புக்குப் புது ரப்பர் போட்டால் நல்ல டயர். பத்து வருட உடம்புக்குப் போட்டால் கிழவனுக்குத் தலைச்சாயம் அடித்தது மாதிரி. (நானும் அடிப்பவன்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.) நீங்களே கொடுத்துப் போடுவதாக இருந்தால் உங்கள் டயரின் வயது உங்களுக்குத் தெரியும். ரெடியாகக் கிடைப்பதை வாங்கினால் அந்த நாலு எண்களைப் பார்த்தே வாங்குங்கள். எண் இல்லை, தேய்ந்திருக்கிறது என்றால் கையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, பணம்? இதுதான் உண்மையான கேள்வி. மாப்பிள்ளையும் இதைத்தான் கேட்டார். "வருசத்துல அறுபது நாள் ஓடுற டிரெய்லருக்கு நாலு புது டயர் போட்டாக் கட்டுமாங் மாமா? தேங்காய் விக்கிற வெலை உங்களுக்குத் தெரியாதாங்?" நியாயமான கேள்வி. பென்ஷன் வாங்குகிறவன் விவசாயிக்குச் செலவு செய்யச் சொல்வது சுலபம் என்று எனக்கும் தெரியும். அதனால் புத்தி சொல்வதை விட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பழைய டயர் மூன்றில் ஒரு பங்கு விலை. ஆனால் ஒன்பது வருடக் கிழ டயரை இன்றைக்கு மாட்டினால் எத்தனை நாள் வரும் என்று யாருக்கும் சொல்ல முடியாது. இரண்டு வருடம் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். புது டயரை ஆறு வருடம் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். ஆறு வருடத்தில் மூன்று முறை பழசு வாங்கினால் புதுசின் விலை வந்துவிட்டது. வழியில் வெடித்தால் ட்யூபும் போச்சு, ஃபிளாப்பும் போச்சு, அன்றைய நடைக் கூலியும் போச்சு. இதில் ஆள் விழுந்த செலவை நான் சேர்க்கவில்லை.

நாலும் ஒரே சமயத்தில் முடியாதென்றால் ஒரே அச்சில் இரண்டு புதுசு போடுங்கள், அடுத்த வருடம் மற்ற அச்சுக்கு. ஒரே அச்சில் ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்று போடாதீர்கள். நைலான் டயரையும் ரேடியலையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது. இருப்பதில் சுமாரானது ஸ்டெப்னிக்கு. புது டயருக்குப் பழைய ட்யூபைப் போட்டு மிச்சம் பிடிக்கவும் வேண்டாம். விரிந்து போன ட்யூப் உள்ளே மடிந்து, மடிப்பில் தேய்ந்து ஓட்டையாகும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, பில் கொடுக்கிறார்களா பாருங்கள். புது டயர் என்று கடையில் சொன்னாலும் அந்த நாலு எண்களைப் பாருங்கள், இரண்டு மூன்று வருடமாகக் கடையிலேயே தூங்கினதாகவும் இருக்கும்.

இனி சொல்லப்போவது சொந்தக்காரர்களுக்குப் பிடிக்காது. என் மனைவி வழியில் பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் மூன்று பங்காளிகள். மூன்று டிராக்டர், மூன்று டிரெய்லர், பன்னிரண்டு டயர். பன்னிரண்டும் வயதான டயர். மூன்று டிரெய்லரும் ஒரே நாளில் ஓடி நான் பார்த்ததே இல்லை. டயர் எப்படியும் வயதாகித்தான் சாகப்போகிறது, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். அப்படியிருக்க ஒரு நல்ல டிரெய்லருக்கு நாலு புது டயர் போட்டு மூன்று பேரும் சேர்ந்து ஓட்டித் தேய்த்தால் ஆளுக்கு ஆகும் செலவு, இப்போது தனித்தனியாகப் பழசு வாங்கும் செலவைவிடக் குறையத்தான் செய்யும். ஓடுகிற டயர் நிற்கிற டயரைவிட ஆரோக்கியமாகவும் இருக்கும். இதை நான் சொன்னபோது மாப்பிள்ளை சிரித்தார். "கெணத்துப் பங்குக்கே இன்னும் வாய்தா ஓடிட்டிருக்குதுங் மாமா. இதுல டிரெய்லர்ல பங்கா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சொல்லிவைக்கிறேன். அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் மூன்று பேரும் இந்தப் பதிவைப் படிப்பார்கள், எனக்குத் தெரியும். நீங்கள் மூன்று பேரும் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தானே.

இன்னொன்று, டிரெய்லரில் ஆட்களை ஏற்றாதீர்கள். சட்டப்படி தப்பு என்பது ஒருபக்கம். எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும் ஆணி குத்தும், கல் வெட்டும். தேங்காய் விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். "ரெண்டு கிலோமீட்டர்தானுங்" என்பார்கள். முத்தூர் ரோட்டில் அன்றைக்கு அந்த அம்மா வரவேண்டியதும் ரெண்டு கிலோமீட்டர்தான். கூலியாட்களுக்கு ஷேர் ஆட்டோவோ மினி வேனோ பேசிவிடுங்கள். அந்தச் செலவைத் தேங்காய்க் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். டயரைத் திருப்பிக் கொடுக்கப் போனார், கடைக்காரர் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்வேன் என்றார். கொஞ்சம் சத்தம் போட்டு, முக்கால் விலைக்கு இரண்டைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பின் அச்சுக்கு 9.00-16ல் புதுசு இரண்டு வந்துவிட்டது. இந்தத் தடவை பில்லோடு அந்த நாலு எண்களையும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார், நாலு மாதம்தான் ஆகியிருக்கிறது. முன் அச்சுக்கு ஆடிக்கு அப்புறம் பார்க்கலாம் என்கிறார். அதுவரை அரைப் பாரம்தான் ஏற்றுவேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அக்காவிடம் சத்தியம் செய்யச் சொன்னேன், செய்தார்.

இங்கிலாந்துப் பையனின் கேரவன் டயர் 2014ஆம் வருடத்தது. மாற்றிவிட்டான்.

மற்றவர்கள் உங்கள் டிரெய்லர், கார், வேன் எதுவானாலும் டயரில் அந்த நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு எண்களைக் கீழே கமெண்டில் போடுங்கள். பதில் எழுதுகிறேன். ஒரு பக்கம் இல்லாவிட்டால் உள்பக்கம் இருக்கும், தரையில் சாக்குப் போட்டுப் படுத்துத்தான் பார்க்க வேண்டும். "வாத்தியாரே வந்து பாருங்க" என்று மட்டும் கூப்பிடாதீர்கள், மூட்டுவலி. இந்தத் தடவை குனிந்ததற்கே மூன்று நாள் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.